போருக்குப் பிந்திய வன்னியும் குடியாட்சியும்

படை மேலாட்சி நெடுங்காலம் நிலவிய மண்ணில் வாக்குப்பெட்டி வைக்கப்பட்டதும் குடியாட்சி வேரூன்றிவிடுமா என்னும் வினா வரலாற்று மாணவர் ஆராய்தற்குரியது. வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. விடுதலைப் புலிகளின் நிருவாகத்திலிருந்த கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அரச படையினரின் கண்காணிப்பின்கீழ் வந்தன. வவுனியா நகரசபைக்கு 2009 ஓகஸ்ட் 8இலேயே தேர்தல் நடைபெற்றது. புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைகளோ 2018 பெப்ரவரி 10 வரை காத்திருக்க நேர்ந்தது.

2013 செப்டெம்பர் 21இல் நடைபெற்ற வட மாகாணசபைத் தேர்தலில் 38 ஆசனங்களுள் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் 15 ஆசனங்களுள் 11 அதன்வசமாயின. எனினும் 2015 வரை ஆளுநர் பதவியில் முன்னாள் படைத்தளபதி ஒருவரே இருந்தார். 1987ஆம் ஆண்டின் மாகாணசபைகள் சட்டப்படி மாகாண அரசசேவை ஆளுநரின் அதிகாரத்துக்குட்பட்டது. நிதி நியதிச்சட்டத்தைச் சபையில் கொணர்தற்கும் அவரது விதந்துரை வேண்டும். ஆகவே மக்கள் ஆணை ஒருபுறமும் ஆட்சியதிகாரம் மறுபுறமுமாக நின்றன.

காணிப் பிரச்சினையில் இம்முரண் தெளிவாகும். 2017இல் கேப்பாபிலவைச் சார்ந்த பிலவுக்குடியிருப்பு மக்கள் வான்படை முகாமின் முன் ஒரு மாதம் அமர்ந்திருந்தே தம் நிலத்தை மீட்டனர். படையினர் வசமிருந்த காணியை விடுவிக்கும் அதிகாரம் சபைக்கு இருக்கவில்லை. 2018 ஒக்டோபரில் அச்சபையின் காலமும் முடிவுற்றது. பின்னர் பல ஆண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன.

காணி, நிதி, அலுவலர் ஆகிய மூன்றும் மக்கள் தெரிந்த அவையின் கைக்கு வாராதவரை வாக்கு ஆட்சியாகாது என்பதே வன்னி உணர்த்தும் பாடமெனலாம்.