அந்தத் தாத்தா சொன்னது சரிதான்



நேற்று காலை நடைப்பயிற்சி போனபோது நம் கனகம்மாசத்திரம் ஏரிக்கரையில் மூன்று மூட்டை கோழிக்கழிவு கிடந்தது. சற்றுத் தள்ளி நத்தைகுத்தி நாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

பல வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில், பறவை எச்சம் தண்ணீரைக் கெடுக்கும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மதுராந்தகம் பக்கமிருந்து புதிதாக வந்த ஒரு பையன் எழுந்து, "சார், எங்க ஊர்ல அந்தத் தண்ணிதான் வயலுக்கு உரம்னு தாத்தா சொல்வாரு" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, அவனை உட்காரச் சொல்லிவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தலை குனிந்தேன்.

வேடந்தாங்கல் ஏரியின் கதை அது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். பறவை இருந்தால்தான் விளைச்சல் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கில் அறிவியல் இருக்கிறது. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக உடைக்கின்றன. வேறு பாக்டீரியாக்கள் அதைப் பயிர் எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்த இரண்டாம் வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் கண்டறிந்தது 1890 வாக்கில்தான். ஊர்மக்கள் அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முன்பே பலனை அறிந்திருந்தார்கள்!

இத்தனை எச்சம் எங்கிருந்து வருகிறது? வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஆயிரக்கணக்கான நாரைகளும் நீர்க்காகங்களும் அங்கே ஜோடி சேர்ந்து கூடு கட்டுகின்றன. ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். மரத்துக்கு மரம் கூடுகள், கீழே தண்ணீர். இனப்பெருக்கக் காலம் இல்லையென்றால் அந்தக் கூட்டமும் இல்லை, உரமும் இல்லை.

ஆனால் கூட்டமாக வாழ்வதில் ஆபத்தும் உண்டு. பறவைக்கு எச்சம் போவதும் முட்டை வருவதும் ஒரே வழி. இணைசேரும்போது அந்த வழிகள் தொட்டுக்கொள்கின்றன, பாக்டீரியாவும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது. ஒரே குளத்தில் இரை தேடும்போது ஒன்றுக்கு வந்தது பலவற்றுக்கும் வரும்.

2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பார் ஏரியில் 18,000க்கும் மேற்பட்ட பறவைகள் செத்தன. காரணம் பாட்டுலிசம் என்று பரேலியில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உறுதி செய்தது. அந்த பாக்டீரியா மண்ணில் உறங்கிக் கிடக்கும். வெப்பமும், காற்றுப் புகாத அழுகல் சதையும் கிடைத்தால் விழித்து நஞ்சு சுரக்கும். செத்த பறவையில் புழு வைக்கும், புழுவில் நஞ்சு சேரும், புழுவைத் தின்ற அடுத்த பறவையும் கழுத்தைத் தூக்க முடியாமல் தண்ணீரில் மூழ்கிச் சாகும். ஒரு சாவு பல சாவுகளாகப் பெருகும்.

இப்போது அந்த மூன்று மூட்டைகளை நினைத்துப் பாருங்கள். அழுகும் சதையை நாமே ஏரியில் கொண்டுவந்து கொட்டுகிறோம். வேடந்தாங்கல்காரர்கள் துப்பாக்கிக்கு எதிராகக் கலெக்டரிடம் போனார்கள். நமக்குத் துப்பாக்கி இல்லை, சாக்குமூட்டைதான் எதிரி.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு ஏரிக்கரைக்கு வாருங்கள். கையுறை நான் வாங்கி வருகிறேன். பஞ்சாயத்துக்கு ஒரு மனுவும் எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடுங்கள்.

அந்த மதுராந்தகம் பையன் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: தம்பி, உன் தாத்தா சொன்னது சரிதான். அன்று சிரித்ததற்கு இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்