பெற்றோரின் இருமுனை மனநோயும் பிள்ளைகளின் மனநலமும்: ரங்கத்தை முன்வைத்து

மனநல மருத்துவர் தன்னிடம் வரும் நோயாளியிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறார். பசி, செலவு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றைப் பற்றியும் கேட்கிறார். வீட்டில் எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு என்ன வயது, நோய் முற்றியிருந்த நாட்களில் அவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பவை நம் புறநோயாளிப் பிரிவுகளில் இன்னும் வழக்கமான கேள்விகளாகவில்லை. இருமுனை மனநோயைப் பொறுத்தவரை இது பெரும் குறை. எழுச்சி நிலைக்கும் கடும் சோர்வுக்கும் இடையே மாறி மாறிச் செல்லும் இந்நோய் பெரும்பாலும் இளம் வயதில் தொடங்குகிறது. ஆகவே, ஒருவர் பிள்ளை வளர்க்கும் ஆண்டுகள் முழுவதும் அது கூடவே இருக்கிறது. பிள்ளையின் மனநலப் பாதுகாப்பு பெற்றோரின் சிகிச்சை அறையிலேயே தொடங்க வேண்டும், அது பெற்றோருக்கு மருந்து எழுதுபவரின் கடமையில் சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பெரிய மருத்துவமனையிலிருந்து விலகி நிற்கும், அந்தமான் தீவுகளின் ரங்கத் போன்ற ஊருக்கு இந்தக் கடமை கூடுதலாகவே பொருந்தும்.

ஆபத்தின் அளவை முதலில் சரியாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் போரிஸ் பிர்மாஹரின் குழு, இந்நோயுள்ள 233 பெற்றோரின் 388 பிள்ளைகளையும், ஒப்பீட்டுக்காக வேறு 143 பெற்றோரின் 251 பிள்ளைகளையும் ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டது. முதல் குழுவில் 10.6 விழுக்காட்டினருக்கு இருமுனை வகைக் கோளாறுகள் இருந்தன. இரண்டாம் குழுவில் 0.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே. பத்து மடங்குக்கும் மேலான இந்த வேறுபாடு அச்சமூட்டுவதுதான். ஆனால் அதே ஆய்வில் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அந்த வயதில் அந்நோய் இல்லை. நெதர்லாந்தில் இத்தகைய பிள்ளைகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு இருமுனை வகைக் கோளாறு வந்திருந்தது. அதன் கடுமையான முதல் வகை 3 விழுக்காட்டினருக்கே. ஆனால் ஏதோ ஒரு மனநலக் கோளாறு வாழ்வில் ஒரு முறையாவது ஏற்பட்டவர்கள் 72 விழுக்காடு. மனச்சோர்வு உள்ளிட்ட மனநிலைக் கோளாறுகள் ஏற்பட்டவர்கள் 54 விழுக்காடு. வாசகர் 13ஐயும் 72ஐயும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். "இது பிள்ளைக்கும் வருமா?" என்று குடும்பம் கேட்கும்போது அதன் கவலை 13ஐப் பற்றியது. அதைவிடப் பல மடங்கு பிள்ளைகளைத் தொடும் மனச்சோர்வும் பதற்றமும் அந்தக் கேள்விக்குள் வருவதே இல்லை. காலத்தில் கண்டால் நன்றாகவே சிகிச்சை அளிக்கக்கூடியவை இவை என்பதால் இந்தக் கவனக்குறைவுக்கு விலை அதிகம்.

இந்தப் பிள்ளைகளைப் பள்ளி மதிப்பெண்களைக் கொண்டு அடையாளம் காண முடியாது. டென்மார்க்கில் ஏழு வயதுக் குழந்தைகள் 522 பேரை ஆராய்ந்தவர்கள், இருமுனை மனநோயுள்ள பெற்றோரின் பிள்ளைகள் நினைவாற்றல், கவனம் போன்ற அறிவுத்திறன்களில் ஒப்பீட்டுக் குழுவுக்கு ஏறக்குறைய இணையாக நிற்பதைக் கண்டார்கள். உணர்விலும் நடத்தையிலும் சிக்கல்கள் மட்டும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. நன்றாகப் படிக்கிறான், சொன்னபடி கேட்கிறாள், தம்பி தங்கையைக் கவனித்துக்கொள்கிறாள் என்று ஊர் பாராட்டும் பிள்ளை பல நேரம் வயதுக்கு மீறிய சுமையைச் சுமக்கும் பிள்ளையாக இருக்கலாம். எழுச்சி நிலையில் இருக்கும் தந்தை இரவெல்லாம் விழித்திருக்கிறார், கடன் வாங்குகிறார், ஊரையே வளைத்துப்போடப் போவதாகப் பேசுகிறார். சில வாரங்களுக்குப் பிறகு பாயைவிட்டு எழுவதில்லை. இரண்டுக்கும் காரணம் தெரியாத பிள்ளை அதைத் தன்னிடம் தேடுகிறது: நான் சண்டை போட்டதால்தான், நான் மதிப்பெண் குறைத்ததால்தான் என்று. பெரியவர்கள் "சாமி வந்திருக்கு" என்றோ "யாரோ செய்வினை வெச்சுட்டாங்க" என்றோ சொல்லி முடித்துவிடும் வீட்டில், அந்தத் தவறான விடையைத் திருத்த யாருமே இல்லை.

மரபணுவின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. இரட்டையர் ஆய்வுகள் அதைத் தெளிவாக்கியிருக்கின்றன. ஆனால் பங்கு பெரிது என்பதால் வேறு எதற்கும் இடமில்லை என்று ஆகிவிடாது. மிர்னா வைஸ்மனும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இருமுனை மனநோயைப் பற்றியதல்ல, தாயின் மனச்சோர்வைப் பற்றியது. ஆயினும் இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. சிகிச்சை தொடங்கி மூன்று மாதங்களில் நோய் தணிந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் மனநலக் கோளாறுகளின் விகிதம் 11 விழுக்காடு குறைந்தது. நோய் தணியாத தாய்மாரின் பிள்ளைகளிடம் 8 விழுக்காடு கூடியது. அந்த ஆய்வு பிள்ளைக்குச் சிகிச்சை அளிக்கவில்லை. அது மருந்து அளித்தது தாய்க்கு மட்டுமே. மனநோயுள்ள பெற்றோரின் குடும்பங்களுக்கு அளிக்கப்படும் தடுப்பு உதவிகள் குறித்து 2012இல் சீகன்தாலரும் குழுவினரும் 13 சோதனைகளை, மொத்தம் 1,490 பிள்ளைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெற்றோருக்குள்ள அதே நோய் பிள்ளைக்கு வரும் ஆபத்து 40 விழுக்காடு குறைந்திருந்தது. அந்த உதவிகளின் சாரம் எளியது: நோயைப் பற்றிப் பிள்ளையின் வயதுக்கேற்ற மொழியில் பேசுவது, வீட்டின் அன்றாட ஒழுங்கைக் காப்பது, பெற்றோருக்குப் பிள்ளை வளர்ப்பில் துணை நிற்பது. இவற்றோடு ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த எம்மி வெர்னரின் ஆய்வையும் சேர்க்க வேண்டும். வறுமை, பெற்றோரின் மனநோய் போன்ற பல இடர்கள் ஒன்றாகச் சூழ்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் திடமான பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களைக் காத்தவற்றுள் முக்கியமானது, பெற்றோருக்கு அப்பால் விடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவர்: பாட்டி, அண்டை வீட்டார், ஆசிரியர். ஒரு தீவின் சிறு சமூகத்தில் கிடைத்த இந்த முடிவு நம் தீவுகளுக்குத் தனி அக்கறையோடு படிக்கத்தக்கது.

ரங்கத்தில் அந்த ஒரு பெரியவர் எங்கே இருக்கிறார் என்பதே கேள்வி. மத்திய அந்தமானின் இந்த ஊர் 1949க்குப் பிந்திய குடியேற்றங்களால் உருப்பெற்ற நிலப்பகுதியில் இருக்கிறது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள், ராஞ்சிப் பகுதித் தொழிலாளர்கள், தமிழர், தெலுங்கர் எனப் பலர் வந்து சேர்ந்த இடம். தமிழ்நாட்டுச் சிற்றூரில் தாய் நோயுற்றால் தாய்மாமன் வீடு பக்கத்துத் தெருவிலோ அடுத்த ஊரிலோ இருக்கும். இங்கே பல குடும்பங்களுக்கு அந்த உறவினர்கள் கடலுக்கு அப்பால், சென்னைக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணத் தொலைவில் இருக்கிறார்கள். ரங்கத்தில் சமுதாய சுகாதார மையம் இருக்கிறது. மாவட்ட மருத்துவமனை மாயாபந்தரில். தீவுகளின் பெரிய மருத்துவமனையான ஜி.பி. பந்த் மருத்துவமனையோ, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் இருக்கிறது. சாலை வழியே 170 கிலோமீட்டர் அளவிலான பயணம் அது. ஜாரவா காப்பகத்தின் ஊடாகக் குறித்த நேரங்களில் மட்டும் காவலுடன் வரிசையாகவே வண்டிகள் செல்ல முடியும். தாயை அங்கே சேர்க்க நேர்ந்தால் தந்தையும் உடன் போகிறார். பிள்ளைகள் எங்கே விடப்படுகிறார்கள் என்பது சிகிச்சைத் திட்டத்தில் எழுதப்படுவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 21ஆம் பிரிவில், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கலாகாது என்கிறது. நல்ல விதி. ஆனால் நான்கு வயதில், பத்து வயதில், பதினான்கு வயதில் இருக்கும் பிள்ளையைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் லட்சம் பேருக்கு 42.8 என்ற தற்கொலை விகிதத்தோடு நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இருந்தன இந்தத் தீவுகள். நாட்டின் சராசரி 12.4. இருமுனை மனநோயில் தற்கொலை ஆபத்து பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை நினைத்தால், அந்த எண்ணுக்குப் பின்னால் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் இருப்பார்கள் என்று கருதாமல் இருக்க முடியாது.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது களங்கம் பற்றியது. பிள்ளையின் பெயரையும் மனநல மருத்துவமனையின் பதிவேட்டில் எழுதினால், "அந்தக் குடும்பத்துக்கே பைத்தியம்" என்ற பேச்சு ஊரில் பரவும். நாளை பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குவார்கள். அதற்கு அஞ்சிப் பெற்றோர் சிகிச்சைக்கே வராமல் போவார்கள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ரங்கத் போன்ற ஊரில் இந்த அச்சம் கற்பனையல்ல. 2015–16இல் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில் இருமுனை மனநோயுள்ளவர்களில் 70 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். அந்தப் பன்னிரண்டில் அந்தமான் இடம்பெறவில்லை. இத்தனை பேர் வெளியே நிற்கும்போது, உள்ளே வந்தவரையும் விரட்டிவிடும் செயல் பெரும் தீங்கு. ஆகவே நான் முன்வைப்பது பிள்ளைக்கு நோய்ப்பெயர் சூட்டுவதை அல்ல. கேள்வி பெற்றோரிடம் கேட்கப்படுகிறது, விடை பெற்றோரின் மருத்துவக் குறிப்பிலேயே இருக்கிறது; பள்ளிக்கோ ஊரின் ஆஷா சுகாதாரப் பணியாளருக்கோ எதைச் சொல்வது என்பதைப் பெற்றோரே முடிவு செய்கிறார். மறைத்து வைப்பதால் களங்கம் குறைவதாகவும் தெரியவில்லை. தந்தையின் நோய் ஊருக்குத் தெரிந்து, வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் விளக்கப்படாமல் இருப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

இந்தச் சான்றுகள் எல்லாம் மேலைநாட்டு ஆய்வுகளில் கிடைத்தவை என்பது இரண்டாவது மறுப்பு. விகிதங்கள் இங்கே அப்படியே பொருந்தும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தீவுகளுக்கே உரிய முன்னுதாரணம் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிம்ஹான்ஸ் குழுவினர் இங்கே வந்து முகாம்களில் குழந்தைகளோடு பணியாற்றினார்கள். அவர்களில் சிலர் எழுதிய ஆய்வுகள் 2008இல் வெளிவந்தன. மனநல மருத்துவர் எண்ணிக்கையில் குறைந்த இடத்திலும் ஆசிரியரும் ஊர்த் தன்னார்வலரும் பிள்ளைகளைத் தாங்க முடியும் என்பதை அந்த அனுபவம் காட்டியது. ஊழியர் பற்றாக்குறையைச் சுட்டும் மூன்றாவது மறுப்புக்கும் இதுவே பாதி விடை. நார்வே 2010 முதல், நோயாளிக்கு வயது வராத பிள்ளைகள் இருந்தால் அவர்களின் தேவைகளைக் கவனிப்பதைச் சுகாதாரப் பணியாளரின் சட்டக் கடமையாக்கியிருக்கிறது. அந்தக் கடமையின் முதல் படி கேட்பது. அதற்குப் புதிய கட்டடமோ புதிய பணியிடமோ தேவையில்லை.

எனவே வடக்கு, மத்திய அந்தமான் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை சில. இருமுனை மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் குறிப்பில் பிள்ளைகளின் வயதும், நோய் முற்றும் நாட்களில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் பெயரும் இடம்பெற வேண்டும். நோயாளியைப் போர்ட் பிளேருக்கு அனுப்பும்போது அந்தப் பெரியவருக்கு அன்றே தகவல் போக வேண்டும். இந்நோய்க்கு லித்தியம் உட்கொள்பவருக்கு மருந்தும் இரத்தப் பரிசோதனையும் ரங்கத்திலேயே தடையின்றிக் கிடைக்க வேண்டும். பெற்றோரின் நோய் திரும்பாமல் காப்பதே பிள்ளைக்கான முதல் தடுப்பு மருந்து. பெற்றோர் இசைந்தால் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு மட்டுமாவது செய்தி தெரிந்திருக்க வேண்டும். அரசின் டெலி-மானஸ் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் தமிழிலும் வங்காளத்திலும் கட்டணமின்றிப் பேசுகிறது. அந்த எண் ரங்கத்தின் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதப்பட வேண்டும், பெரியவர்களுக்காக மட்டுமல்ல, பிள்ளைகள் தாமே அழைப்பதற்காகவும்.