முதியோர் கீழே விழும் ஆபத்தை முன்கூட்டியே அறிவது எப்படி?

வீட்டுப் பெரியவர்கள் தடுக்கி விழுந்தால், "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கின்றனர். இவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். ஆனால் விழும் ஆபத்தை முன்பே கண்டறிய எளிய வழிகள் உள்ளன.

மூன்று கேள்விகள்

கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாடுகிறதா? விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறதா? பிள்ளைகளுக்குத் தொல்லை வேண்டாம் என்று வாப்பாவும் உம்மாவும் மறைக்கக்கூடும். எனவே நாமாகவே கேட்க வேண்டும். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் கவனம் தேவை.

நடக்கும் சோதனை

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். கைத்தடி பயன்படுத்துபவர் அதோடு நடக்கலாம். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு.

நிற்கும் சோதனை

முதலில் பாதங்களைச் சேர்த்து வைத்தும், அடுத்து ஒரு பாதத்தைச் சற்று முன்னே வைத்தும், பிறகு ஒரு காலின் குதிகால் மறு காலின் விரல்களைத் தொடும்படியும், கடைசியாக ஒற்றைக் காலிலும் நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் 10 வினாடி. மூன்றாம் நிலையில் 10 வினாடி நிற்க முடியாவிட்டால் ஆபத்து அதிகம். இரு சோதனைகளின்போதும் ஒருவர் தாங்கிப் பிடிக்கத் தயாராகப் பக்கத்திலேயே நிற்பது அவசியம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். எழுந்ததும் மேல் அளவு 20 புள்ளி குறைந்தால் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, கண்புரை, சர்க்கரை நோயால் வரும் கால் மரத்துப்போதல் ஆகியவையும் காரணமாகலாம். மாத்திரைகளை நாமாக நிறுத்தக் கூடாது.

குளியலறையில் கைப்பிடி, இரவில் வெளிச்சம், உளூ செய்யும் இடத்தில் ஈரமில்லாத தரை ஆகியவை உடனே செய்யக்கூடியவை.

பயந்துபோய், "நடக்காதீர்கள், உட்கார்ந்தே இருங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நடை குறைந்தால் கால் தசை மெலியும். ஆபத்து இன்னும் கூடும். மருத்துவர் ஆலோசனையோடு செய்யும் கால் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியுமே அவர்களைத் தொடர்ந்து சொந்தக் காலில் நடக்க வைக்கும்.