அரைவட்டம்

பாயான் லெப்பாஸில் பேட்டரி சோதிப்பது என் வேலை. திரையில் தினமும் ஓர் அரைவட்டம், அதையொட்டி ஒரு சாய்ந்த வால். அது எங்கிருந்து வந்தது என்று நாலு வருஷமாகக் கேட்கத் தோன்றவே இல்லை.

பேட்டரிக்குச் சின்ன அலையாக மின்னழுத்தம் கொடுத்தால் மின்னோட்டமும் அலையாகவே வரும். அளவு வேறு, நேரமும் கொஞ்சம் விலகியிருக்கும். இரண்டையும் ஒரே எண்ணில் பிடிக்கத்தான் கலப்பெண். மெய்ப்பகுதி கிடையாக, கற்பனைப்பகுதி செங்குத்தாக. (கணக்கு வாத்தியாருக்கு ஐ, எங்களுக்கு ஜே. ஐ-யை மின்னோட்டம் எடுத்துக்கொண்டது.) அலையின் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போனால் புள்ளிகள் அரைவட்டமாகச் சேரும். வட்டம் சிறுத்தால் எலக்ட்ரான் சுலபமாகக் கைமாறுகிறது, வினை வேகமானது என்று பொருள். 1637-ல் 'கற்பனை' என்று பெயர் வைத்த தெகார்த் இதைப் பார்த்திருக்கணும்.

வால் பழசு. அயனிகள் பரவி வருகிற தாமதம் 45 பாகையில் சாயும் என்று 1899-லேயே எமில் வார்பர்க் காட்டிவிட்டார். 1947-ல் ஜான் ராண்டில்ஸ் அலை அனுப்பி வேகமான வினைகளை அளந்தார்.

1950 வாக்கில் கே. எஸ். ஜி. தாஸும் எச். பி. அகர்வாலும் கண்டது எங்கள் பாடத்தில் வரவில்லை. அலையை அனுப்பினால் மின்முனையின் அழுத்தம் ஒரு பக்கமாகச் சற்று நகர்ந்துவிடுகிறது; போகிற வினையும் திரும்புகிற வினையும் அலைக்கு ஒரே மாதிரி வளைந்துகொடுப்பதில்லை. அரைவட்டம் வரைய நாங்கள் அலையைச் சிறிதாக்கி இந்த ஏற்றத்தாழ்வை ஒதுக்குகிறோம். அவர்கள் ஒதுக்கியதிலிருந்தே வினைவேகத்தை எடுத்தார்கள்!

தாஸ் பிறகு காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். 1948-ல் நேரு அடிக்கல், 1953-ல் ராதாகிருஷ்ணன் திறப்பு. 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அவருடைய தொழில்களில் மலாயா ரப்பர் தோட்டமும் ஒன்று.

இங்கேதான் எனக்குத் திக்கென்றது. என் பாட்டி பால்மரம் வெட்டியவர். அவருடைய தோட்டத்தில் இல்லை. ஆனால் அதே பால், அதே விடியற்காலை. பினாங்கில் செட்டியார் வரலாறு என்றால் நமக்குக் கிட்டங்கி, வட்டி, தைப்பூச வெள்ளித்தேர். ஆய்வகம் அதில் வராது. கொடையைப் புகழ்கிறவர்களோ பால் வெட்டியவர்களைச் சொல்வதில்லை. கூலி போக மிஞ்சியதுதானே கொடை?

பாட்டியிடம் படத்தை போனில் காட்டினேன். வாலைத் தொட்டு, "வெட்டுக்கோடு மாதிரி சாஞ்சிருக்கே" என்றார். மரத்தில் அது 30 பாகைக்குப் பக்கம். நான் திருத்தவில்லை.