கில்மோருக்குக் கிடைத்த முப்பது ஆண்டுகள்

நான் பத்திரிகைத் தொழிலில் காலடி வைத்த காலத்தில் ஆசிரியபீடம் புகைமண்டலமாகவே இருக்கும். இரவுப் பதிப்பு அச்சேறும்வரை எவர் கையிலும் சிகரட் அணைவதில்லை. அன்றைய சகா ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் நுரையீரலின் ஒரு பகுதி சத்திரசிகிச்சை மூலம் அகற்றப்பட்டது. பார்க்கச் சென்ற என்னை அவருடைய மகன் வாசலிலேயே மறித்தார். "அங்கிள், அப்பாவுக்குக் கட்டி எண்டுதான் சொல்லியிருக்கிறம். நீங்களும் அந்தச் சொல்லை எடுத்துப் போடாதேங்கோ." நானும் எடுக்கவில்லை.

இவ்வாறு மறைப்பது நமது குடும்பங்களின் வழக்கம் மட்டுமன்று. சுதந்திரத்தின் பின்னரும் இலங்கைக்கு மன்னராக இருந்தவர் ஆறாம் ஜோர்ஜ். 1951 செப்டெம்பர் 23ஆம் திகதி பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே அவரது இடது நுரையீரல் அகற்றப்பட்டது. பகிரங்க அறிக்கைகள் 'நுரையீரலில் அமைப்பு மாற்றங்கள்' என்றே கூறின. புற்றுநோய் என்பது அவருக்கும் சொல்லப்படவில்லை. 1952 பெப்ரவரி 6ஆம் திகதி உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. இலங்கைக்கு வரும் வழியில் கென்யாவில் தங்கியிருந்த மகள் எலிசபெத் அரசியாக லண்டன் திரும்பினார். கொழும்பு அவரை 1954 ஏப்ரலில்தான் கண்டது.

இதற்கு நேர்மாறானது ஜேம்ஸ் கில்மோரின் வரலாறு. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரைச் சேர்ந்த இந்த மகப்பேற்று வைத்தியருக்கு அப்போது 48 வயது. தமக்கு என்ன நோய் என்பதை நன்கறிந்தே அவர் சென். லூயிஸ் நகருக்கு, டொக்டர் இவாட்ஸ் கிரஹாமிடம் சென்றார். சத்திரசிகிச்சைக்கு முன்னர் ஊர் திரும்பி, கல்லறை நிலம் ஒன்றை விலைக்கு வாங்கினார்; பற்களையும் செப்பனிட்டுக்கொண்டார் என்பார்கள். இரண்டுக்கும் ஆயத்தமாக இருந்த மனிதர்!

1933 ஏப்ரல் 5ஆம் திகதி நுரையீரலின் மேற்பகுதியை மட்டும் அகற்றும் நோக்கத்துடனேயே கிரஹாம் நெஞ்சைத் திறந்தார். அது போதாதென்று கண்டதும், அதுவரை எந்த மனிதரிலும் தாம் செய்திராத காரியத்தை, இடது நுரையீரலை முழுமையாக அகற்றுவதை, அந்த மேசையிலேயே துணிந்து செய்தார். வெற்றிடத்தை மூட விலா எலும்புகள் பலவற்றையும் நீக்கவேண்டியிருந்தது. இரண்டு மாதங்களுக்கு மேல் வைத்தியசாலையில் கிடந்த கில்மோர், மீண்டும் பிரசவம் பார்க்கச் சென்றார். 1963இல் காலமாகும்வரை, ஒற்றை நுரையீரலுடன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். புற்றுநோய் திரும்பவேயில்லை.

கத்தியைப் பிடித்தவரின் கதைதான் மனதை உறுத்துவது. கிரஹாம் பல்லாண்டுகள் கடுமையாகப் புகைத்தவர். சிகரட்டே காரணம் என்ற கருத்தை முதலில் அவர் நம்பவில்லை. ஏர்ன்ஸ்ட் வைன்டர் என்ற இளம் மாணவருடன் சேர்ந்து 684 நோயாளர்களை ஆராய்ந்து, 1950இல் தம் பெயராலேயே அதற்கு மாறான முடிவை வெளியிட்டார். பின்னர் புகைத்தலை நிறுத்தினார். ஆயினும் 1957 தொடக்கத்தில் இரு நுரையீரல்களிலும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மார்ச் 4ஆம் திகதி மறைந்தார். அவர் பிழைக்கவைத்த நோயாளி அவருக்குப் பின்னரும் ஆறு ஆண்டுகள் இருந்தார்.

காலம் கடந்தபின் நிறுத்தி என்ன பயன் என்று இதைக் கொண்டு எவரும் வாதிடக்கூடாது. 2021இல் வெளியான ரஷ்ய ஆய்வொன்று, ஆரம்ப நிலை நுரையீரல் புற்றுநோய் கொண்ட 517 புகைப்பவர்களைப் பின்தொடர்ந்தது. நோய் தெரிந்தபின் நிறுத்தியோர், நிறுத்தாதோரைவிட ஏறத்தாழ 21 மாதங்கள் கூடுதலாக வாழ்ந்தனர்.

ஆரம்பத்திலேயே நோய் கண்டு குணப்படுத்தும் நோக்குடன் சிகிச்சை பெற்றவருக்குப் பொதுவாக முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆறு மாதத்துக்கொரு தடவை சி.ரி. ஸ்கான், பின்னர் ஆண்டுக்கொன்று. நோவு தோன்றும்வரை காத்திருந்தால் ஸ்கானின் பயனே போய்விடும். தினசரி நடை, மூச்சுப் பயிற்சி, சளிக்காய்ச்சலுக்கும் நியுமோனியாவுக்குமான தடுப்பூசிகள் என்பன வைத்தியர் சொல்பவை. விற்றமின் குளிசைகளில் எனக்கு நம்பிக்கையில்லை. பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தி 1994இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்தோரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் அதிகமாகவே காணப்பட்டது. காய்கறியைக் கறியாகவே உண்ணலாம்.

என் சகாவுக்கு இவை எவையும் தெரியாது. கட்டியை வெட்டியாயிற்று என்று நம்பி, முதல் ஸ்கானுக்குப் போகவில்லை. நாளுக்கு இரண்டு என்று சிகரட்டும் திரும்பியது. மகன் பயந்து, ஒரு மாலையில் எல்லாவற்றையும் சொன்னார். நானும் உடனிருந்தேன். நெடுநேரம் பேசாமலிருந்த நண்பர், மகனை விட்டு என்னையே பார்த்தார்.

"உனக்குமா தெரியும்? அண்டைக்கே சொல்லியிருந்தால் அண்டைக்கே விட்டிருப்பன்."

என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தத் தாமதமான ஸ்கானில் நல்லவேளையாக எதுவும் தென்படவில்லை. இப்போது ஸ்கான் நாட்களில் மகரகமவுக்கு 138ஆம் இலக்க பஸ்ஸில் அவருடன் நானும் போகிறேன். முடிவு வரும்வரை இருவரும் அதிகம் பேசுவதில்லை.