தனித்து நின்ற தடை: தென்னாப்பிரிக்காவும் இந்தியாவின் வணிக மறுப்பும்

திருச்சிராப்பள்ளி மாவட்டம் உள்ளிட்ட சென்னை மாகாணப் பகுதிகளிலிருந்து உழவர்கள் பலர், குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை செய்வதாக எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தக் கூலி முறையில், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். 1860 முதல் 1911 வரை அங்குச் சென்ற ஏறத்தாழ 1,52,000 இந்தியரில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்கள்.

அவர்களுடைய வழித்தோன்றல்கள் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் குறிப்பிட்ட பகுதிகளுக்குள் அடக்கும் சட்டத்தை 1946இல் தென்னாப்பிரிக்க அரசு இயற்றியபோது, ஜூன் 13 அன்று டர்பனில் அறப்போராட்டம் தொடங்கியது. அடுத்த மாதமே இந்திய அரசு அந்நாட்டுடனான வணிகத்தைத் தடைசெய்தது. விடுதலைக்கு ஓராண்டு முன்னரே, தன் ஏற்றுமதியில் 5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பங்கை இழந்து எடுத்த முடிவு அது.

எனினும் தடை கொடுமையை நிறுத்தவில்லை. 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, மக்களை இனவாரியாகப் பிரித்தாளும் அபார்த்தைட் கொள்கையை முழுமைப்படுத்தியது. பிரிட்டனும் அமெரிக்காவும் வணிகத்தைத் தொடர்ந்தன. நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுக்க 1950இல் சசோல் நிறுவனத்தையும், படைக்கலம் செய்ய 1968இல் ஆர்ம்ஸ்கார் நிறுவனத்தையும் அமைத்து, தென்னாப்பிரிக்க அரசு பிறர் தயவைக் குறைத்துக்கொண்டது.

நிலைமை மாறியது, ஒடுக்கப்பட்டவர்களின் போராட்டமும் வெளியுலகின் அழுத்தமும் ஒன்றுசேர்ந்தபோதுதான். புறக்கணிப்பை வேண்டி 1959இல் ஒடுக்கப்பட்டோரின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி விடுத்த அழைப்புக்குப் பின், ஐ.நா. பொதுச்சபை 1962இல் வணிகத் தடையைப் பரிந்துரைத்தது; பாதுகாப்பு அவை 1977இல் படைக்கலத் தடையைக் கட்டாயமாக்கியது. 1984 முதல் கறுப்பினக் குடியிருப்புகளில் எழுந்த கிளர்ச்சியைக் கண்ட அயல்நாட்டு வங்கிகள் 1985இல் குறுகியகாலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்தன. மறு ஆண்டு, அதிபர் ரீகனின் மறுப்பாணையை மீறி அமெரிக்கக் காங்கிரசு தடைச் சட்டம் நிறைவேற்றியது. 1990இல் போராட்டத் தலைவர் மண்டேலா சிறையிலிருந்து விடுதலையானார்; 1994இல் எல்லா இனத்தவரும் வாக்களித்தனர்.

இதற்கு மாறாக, கியூபா மீது அமெரிக்கா தனித்து நின்று 1962இல் முழுமைப்படுத்திய தடை அறுபது ஆண்டுகளைக் கடந்தும் அந்நாட்டின் ஆட்சியை மாற்றவில்லை. தட்டுப்பாட்டுக்கு அயலாரைக் காரணம் காட்டவே கியூப அரசுக்கு அது உதவியது. எனவே தடையின் வலிமை அது நீடிக்கும் காலத்தில் இல்லை. துன்புறும் மக்களே அதை வேண்டுவதிலும், பொருளும் கடனும் தரும் நாடுகள் அதில் ஒருங்கே இணைவதிலும் உள்ளது. இந்தியாவின் தனித் தடை தென்னாப்பிரிக்க அரசை வீழ்த்தவில்லை என்றாலும், அதன் இழிசெயலை 1946 முதலே ஐ.நா. அவையின் விவாதப் பொருளாக்கிய நாட்டின் சொல்லுக்கு அந்த வணிக இழப்பே மதிப்பு சேர்த்தது.