கதையின் நடுவிடம் கரிசலுக்கு வந்த வழி

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன் அண்ணனைக் கொன்றவனின் வலது கையை வெட்டப் போகிறான். கையோடு உயிரும் போய்விடுகிறது. தகப்பனும் மகனும் போலீசுக்குத் தப்பிக் காடுமேடெல்லாம் எட்டு நாள் அலைகிறார்கள். பூமணியின் ‘வெக்கை’ (1982) நாவல் இதுதான். அந்தப் பையன் சிதம்பரம் நல்லவனா கெட்டவனா என்று நாவல் தீர்ப்புச் சொல்வதில்லை. அவன் செய்த காரியத்தில் கதை கிளம்புகிறது. அவன் பசியும் பயமும் நம்முடையவை ஆகின்றன. இப்படிக் கதையின் நடுவில் நிற்பவரை ஆங்கிலத்தில் ‘புரோட்டகனிஸ்ட்’ என்பார்கள். அந்த இடம் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு வந்து சேர இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆனது.

அது புறப்பட்ட இடம் ஏதென்ஸ் நாடகமேடை. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு முதல் நடிகன் என்று பொருள். ஆதியில் பாட்டுக்குழுவுக்கு எதிரே நின்று பேச ஒரே ஒரு நடிகன்தான் இருந்தான். ஈஸ்கிலஸ் இரண்டாமவனையும் சோபோக்ளிஸ் மூன்றாமவனையும் சேர்த்தார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். 1671இல் ஜான் டிரைடன் ஒரு நாடக முன்னுரையில் இச்சொல்லை ஆங்கிலத்தில் எழுதியபோது, அது நடிகனை விட்டுப் பாத்திரத்தின் மேல் ஏறிவிட்டிருந்தது. பிற்பாடு ஒரு கொள்கைக்காக முன்னின்று வாதாடுபவரையும் அப்படியே அழைத்தார்கள். இலக்கணக்காரரான ஃபௌலர் 1926இல் இதைக் கண்டித்தார். முதலாமவர் ஒருவராகத்தானே இருக்க முடியும், பலரை எப்படி அப்படிச் சொல்வது என்பது அவர் வழக்கு.

தமிழில் அந்த இடத்துக்குத் தனி வரலாறு உண்டு. சங்க அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டக்கூடாது. பெருங்காப்பியம் என்றால் ஒப்பற்ற தலைவன் வேண்டும் என்றது தண்டியலங்காரம். இளங்கோவோ வணிகன் ஒருவனின் மனைவியை நடுவில் நிறுத்திக் காப்பியம் செய்தார். 1879இல் முதல் தமிழ் நாவல் அச்சேறியபோது அங்கே நின்றவர் பிரதாப முதலியார், செல்வர் வீட்டுப் பிள்ளை. அப்புறம் சினிமா வந்தது. கதாநாயகன் என்றால் நல்லவன், வல்லவன், அடிவாங்கினாலும் ஜெயிப்பவன் என்றாயிற்று. கதையின் நடுவில் நிற்க இந்தத் தகுதிகளில் ஒன்றுகூடத் தேவையில்லை.

இதைத் தமிழுக்கு அழுத்தமாக நிரூபித்தவர்கள் கரிசல்காட்டுக்காரர்கள். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923இல் பிறந்த இரு நண்பர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் ஏழைக் குழந்தைகளை நடுவில் வைத்தார். கி.ரா. ஊரையே வைத்தார். ‘கோபல்ல கிராமம்’ (1976) நாவலில் தெற்கே குடிபெயர்ந்து வந்து, காட்டைத் திருத்திக் குடியேறிய மக்கள் அத்தனை பேரும் கதையைச் சுமக்கிறார்கள். ஒருவரை மட்டும் தனியே பிரித்தெடுத்து இவர்தான் என்று சொல்ல முடியாது. ஃபௌலரின் வழக்கு இங்கே தோற்றுப்போகிறது.

பூமணியின் ‘பிறகு’ (1979) ஊருக்குச் செருப்புத் தைக்கும் அழகிரியை அங்கே அமர்த்தியது. சோ. தர்மனின் ‘சூல்’ (2016) உருளைக்குடிக் கண்மாயை அமர்த்தியது. மழையை நம்பி மானாவாரி வெள்ளாமை செய்யும் மண்ணில், கண்மாய் பெருகுவதும் தூர்ந்துபோவதும் ஊரின் வாழ்வும் சாவும்தான்.

‘வெக்கை’யின் பயணம் அதற்குப் பின்னும் தொடர்ந்தது. 2019இல் என். கல்யாணராமன் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அதே ஆண்டு வெற்றிமாறன் ‘அசுரன்’ எடுத்தார். படத்தில் நடுவிடம் மகனிடமிருந்து தகப்பன் சிவசாமிக்கு மாறியது. தகப்பனுக்கு ஒரு நீண்ட முன்கதையும் வந்தது. அந்த வேஷத்துக்கு தனுஷுக்குத் தேசிய விருது கிடைத்தது. தெலுங்கில் வெங்கடேஷ் நடித்து 2021இல் வந்தபோது தகப்பனின் பெயரே படத்தின் பெயரானது: ‘நாரப்பா’.

தலித்துகளுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் கதையைப் படம் கோடிக்கணக்கானவர்களிடம் கொண்டுசேர்த்தது; அது பெரிய காரியம். ஆனால் நட்சத்திரத்துக்கு நடுவிடத்தைக் கொடுத்ததில் ஒன்றை இழந்தோம். மகன் செய்ததைத் தகப்பன் காப்பாற்றும் கதையாகப் பார்க்கும்போது, அந்தப் பையனின் மனம் நமக்குத் தூரமாகிவிடுகிறது. பதினைந்து வயதில் ஒருவன் ஏன் அரிவாள் எடுக்கிறான் என்பதை அவனுக்குள்ளே இருந்து அறியத்தான் பூமணி அவனை அங்கே நிறுத்தினார். நடுவில் நிற்பவரை மாற்றினால் கதை கேட்கும் கேள்வியும் மாறிவிடும். படம் பார்த்தவர்கள் நாவலையும் எடுத்துப் படிக்க வேண்டும். நூற்றாண்டுகளாகக் கதைகளின் ஓரத்தில் ஏவலாளாக நின்றவர்களுக்குக் கரிசல் எழுத்தாளர்கள் வாங்கிக் கொடுத்த இடம் அது. அதைக் காப்பாற்றுவது வாசகரின் பொறுப்பு.